வெறும் வயிற்று அளவுகள்

விரல் நுனியின் நடுவில் குத்தக் கூடாது. நடுவில்தான் வலி அதிகம். பக்கவாட்டில், நகத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்குக் குத்துவதற்கு முன்னால் என்னுடைய பத்து விரலிலும் குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த இரண்டு வருடத்தில் ஏறக்குறைய எழுநூறு தடவை அவளுக்குக் குத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை.

அம்மாவைக் கவனித்துக்கொண்டது யார் என்று நீங்கள் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான்தான். வாயால் சொல்லச் சொன்னீர்கள். நான் தாள் கேட்டேன். வாயால் சொன்னால் நீங்கள் சுருக்கி எழுதிக்கொள்வீர்கள். சுருக்கும்போது விஷயம் தப்பாகிவிடும். இதை நான் வேலை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்தில் கேள்வித்தாள் சரிபார்ப்பது என் வேலை. எந்தச் சோப்பு போடுகிறீர்கள், தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வர எங்களிடம் ஆட்கள் உண்டு. சிலர் வீடுகளுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து ஐம்பது தாளையும் தாங்களே நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாள்களைப் பொறுக்கி எடுப்பதற்கு என்னை வைத்திருக்கிறார்கள். மனுஷன் இட்டுக்கட்டிய எண்ணுக்கு ஒரு வாடை உண்டு. பூஜ்யத்திலும் ஐந்திலும் அதிகமாக முடியும். ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு முறை வராது; வந்தால் மாட்டிக்கொள்வோமோ என்று எழுதுகிறவனுக்குப் பயம். நிஜ எண்ணுக்கு அந்தப் பயம் கிடையாது. புள்ளியியலில் நான் வாங்கிய பட்டத்தில் எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு விஷயம்தான்.

எட்டு பேர் உட்காரும் அறை. எட்டு பேர் காதிலும் ஹெட்போன். போன வருடம் ஒரு முறை தொண்டை கட்டிப் பத்து நாள் குரலே வரவில்லை. ஆபீசில் அது யாருக்கும் தெரியாது. பதினோராவது நாள் குரல் வந்ததும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாங்கள் இருக்கும் சந்திலேயே நான் மட்டும்தான் பட்டதாரி. அதனால் எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள், கையில் ஒரு தாளோடு. விண்ணப்பம் நிரப்ப வேண்டும், நோட்டீசில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும், மாத்திரை அட்டையில் தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தாள் இல்லாமல் யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடம் ஆகிறது. புரொபசர் என்பான். எட்டாவதோடு நின்றவன், இப்போது வேறு ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் படிக்காததற்கு நான் படித்ததுதான் காரணம் என்பது மாதிரி அந்த வார்த்தையைச் சொல்வான்.

அம்மா துணிக் கம்பெனியில் இருபது வருடம் காஜா மெஷின் ஓட்டியவள். சட்டைக்குப் பட்டன் துளை போடும் மெஷின் அது. நுணுக்கமான வேலை. அவளுக்குச் சர்க்கரை இருப்பது கண்ணில்தான் முதலில் தெரிந்தது. துளைகள் வரிசை தப்பிப் போயின. சூப்பர்வைசர் கத்தினான். டாக்டரிடம் போனபோது, சர்க்கரை பல வருடமாக உடம்பில் குடியிருந்து விழித்திரையைப் பாதி தின்று முடித்திருந்தது. ஆள் தெரியும், வாசல் தெரியும், வெளிச்சம் தெரியும். சின்ன எழுத்து தெரியாது. அளவு மெஷினின் திரையில் வரும் எண் தெரியாது.

அதனால் தினமும் காலை ஆறரைக்கு நான் குத்துவேன், மெஷினைப் பார்ப்பேன், எண்ணை உரக்கச் சொல்வேன், நோட்டில் எழுதுவேன். அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என் முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அந்த அரை நிமிடங்களில்தான்.

முதல் பொய் இறக்கிச் சொன்ன பொய். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. எண் வருவதற்கு முன்பே அவள் சாமியைக் கும்பிட ஆரம்பித்திருந்தாள். நூற்று எண்பது என்றேன். "அப்பாடா" என்று எழுந்து போய் முகம் கழுவினாள். நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டுதான் எழுதினேன். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அம்மாவின் உடம்பில் என்ன ஓடுகிறது என்பதை முடிவு செய்வது மெஷின் இல்லை, என் குரல்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். வெறும் வயிற்று அளவு நீல மை, சாப்பிட்ட பிறகு சிவப்பு மை. வாரத்துக்கு ஒரு சராசரி, மாதத்துக்கு ஒரு வரைபடம். எங்கள் டாக்டர் அதை முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா, இப்படி எழுதிட்டு வாங்க. படிச்ச புள்ள வீட்ல ஒண்ணு இருந்தா எவ்ளோ நிம்மதி" என்றார். எனக்கு இருபத்தைந்து வயது அப்போது. என் பட்டச் சான்றிதழைக்கூட யாரும் அப்படித் தூக்கிக் காட்டியதில்லை.

ஒன்றரை வருடத்தில் அம்மாவின் அளவைச் சரிக்குக் கொண்டு வந்தேன். சோற்றைக் குறைத்தேன், காயைக் கூட்டினேன், டீயில் சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்து அவளுக்கே தெரியாமல் ஒழித்தேன். தினமும் கால் விரல் இடுக்குகளில் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமை ஆபீசில் ஒரு வேலை கொடுத்தார்கள், வேறு ஊர், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் அம்மாவிடம் சொன்னபோது, "போக வேண்டியதுதானே. நான் என்ன உன் காலைக் கட்டிப் போட்டேனா?" என்றாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இருப்பதால் எழுதுகிறேன்.

அளவு நூற்றுப் பதினெட்டுக்கு வந்த வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உன் மருமக முழுகாம இருக்கா. நீ இங்க வந்துடு. ஒரேயடியா வந்துடு. இனிமே அங்க என்ன இருக்கு உனக்கு?"

"வீடு?"

"காலி பண்ணிட வேண்டியதுதான். புரொபசர் ஹாஸ்டல்ல சேர்ந்துக்குவாங்க. என்ன புரொபசர்?"

அம்மா சிரித்தாள். "அவளுக்கென்னடா. படிச்ச பொண்ணு. எங்க போட்டாலும் பொழச்சுக்குவா."

நான் பீன்ஸை நறுக்கி முடித்தேன். என்னிடம் கேட்கப்பட்ட மாதிரி இருந்தது, ஆனால் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

மறுவாரம் டாக்டர் சொன்னார், "இன்னும் மூணு மாசம் காலை அளவு நூத்திமுப்பதுக்குள்ள நிக்கட்டும்மா. அப்புறம் எங்க வேணா போங்க, பேரப் புள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க." அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது பரீட்சை. வீட்டு முன் வராந்தா நாற்பது அடி. காலையில் அறுபது தடவை நடப்பாள், மாலையில் அறுபது தடவை. எதிர் வீட்டு அக்காவுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அவள் ஜன்னலில் நின்று சத்தம் போடுவாள். "என்ன பெரியம்மா, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்தாச்சா?" அம்மா நிற்காமல் பதில் சொல்வாள்: "மகன் வீட்டுக்குப் போறேன்டி. நடந்தே போயிருவேன் போல."

பதினெட்டு நாள் போய், இன்னும் எழுபத்திரண்டு நாள் இருந்தன. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எழுபத்திரண்டாவது நாளுக்குப் பிறகு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஆறரைக்கு எழுந்திருப்பேன். யாருக்கும் குத்த வேண்டியதில்லை. ஹெட்போன் அறைக்குப் போவேன். திரும்பி வந்தால் ஹாஸ்டலில் இன்னொருத்தி கொசுவலைக்குள் போனில் பேசிக்கொண்டிருப்பாள். இந்தப் பூமியில் ஒரு ஆள்கூட என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு மெஷின் நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. நான் "நூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றேன்.

"எப்படி?" என்றாள். பிறகு, "நான் ஒண்ணுமே சாப்பிடலையே பாப்பா."

"தெரியலம்மா. நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் இருநூற்று ஒன்று. அதற்கடுத்த நாள் நூற்றுத் தொண்ணூற்று நான்கு மறுபடியும். திரும்ப வர வைத்தேன். நிஜ எண் அப்படித்தான் வரும். ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிவதைக் குறைவாக வைத்துக்கொண்டேன். இப்போது நோட்டில் எழுதியதும் நான் சொன்ன எண்தான். நீங்கள் அதை எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் இட்டுக்கட்டியது என்று சொல்ல மாட்டார். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன்.

அம்மா இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். பிறகு விட்டுவிட்டாள். நடை நூறு தடவை ஆயிற்று. ஒவ்வொரு காலையும் கையை நீட்டும்போதே சத்தியம் செய்ய ஆரம்பித்தாள். "உன் மேல ஆணையா ஒரு வாய் கூடத் தின்னல." நான் நம்புகிறேன் என்று சொன்னேன். நம்புகிறேன் என்று நாம் சொல்லச் சொல்ல ஒரு ஆளுக்குத் தன் மேல் சந்தேகம் வரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒரு முறை பிஸ்கட் டப்பாவில் இரண்டு குறைந்திருந்தது. நான் சாப்பிட்டது. "ரெண்டு குறையுதேம்மா" என்று மட்டும் சொன்னேன். கோபப்படவில்லை. அவள் டப்பாவை வாங்கி விரலாலேயே எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கறேனோ என்னவோ பாப்பா."

"இருக்கலாம்மா."

"சமையக்கட்டைப் பூட்டிடு. சாவிய நீயே வச்சுக்க. எங்கிட்டக் குடுக்காத, நான் கேட்டாலும் குடுக்காத."

பூட்டு அவள் கேட்டு வாங்கியது. நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை.

டாக்டர் நோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சர்க்கரையை இறக்க இன்னொரு மாத்திரை எழுதினார். அடுத்த மாதம் அதையும் கூட்டினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதை எடுத்திருந்தால் என் நோட்டு அந்த நிமிடமே பொய்யாகியிருக்கும். அவர் இரண்டு முறை கேட்டார். முதல் முறை லேபில் கூட்டம் என்றேன். இரண்டாம் முறை அடுத்த மாதம் எடுக்கிறோம் என்றேன். "உன் நோட்டு இருக்கும்போது அது என்னத்துக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல மனிதர். நேர்த்தியான கையெழுத்தைக் கண்டால் அப்படியே நம்பிவிடுவார்.

இப்படி எழுதினால் நான் அவளை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்த மாதிரி இருக்கும். அது உண்மையில்லை. மெஷினில் எழுபது, அறுபத்தெட்டு என்று வந்த நாட்களில் காலைப் பாலில் நானே சர்க்கரை கலந்து கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல்.

"இன்னிக்குப் பால் தித்திக்குதே."

"நல்ல பால்மா."

"அதானா" என்று தம்ளரை வழித்துக் குடிப்பாள்.

மகன் வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறக் கூடாது; விழுந்துவிடும் அளவுக்கு இறங்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் அவளை ஐந்து மாதம் வைத்திருந்தேன். மாத்திரை, நடை, பட்டினி, பால், எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பேன். ஆபீசில் இருக்கும்போதும் இருப்பேன். ஒரு நோயாளியை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்துக்கொண்ட மகள் இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ஐந்து மாதமும் அவள் ராத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போனாள். சாயந்திரம் நான் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டியா" என்பாள். அதற்கு முன்னால் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு மெஷின் ஐம்பத்தெட்டு காட்டியது. இருநூற்றுப் பதினான்கு என்றேன். அம்மா பெருமூச்சு விட்டு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டாள். நடந்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றாள். வழக்கமாக நான் அப்படி விட மாட்டேன். ஏதாவது சொல்லிப் பால் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அவள் நடந்து முடித்து வரும் நேரத்துக்குத்தான் பாலைச் சுட வைக்கப் போனேன்; அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அண்ணன். பட்டறையிலிருந்து ஒரு வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அளவு ஏறினா என்ன, இறங்கினா என்ன? எங்க ஊர்ல மட்டும் டாக்டர் இல்லையா? இதே பாட்ட அஞ்சு மாசமா பாடறீங்க புரொபசர். அம்மா, கெளம்பு."

ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான். ஐந்து மாதமாக எனக்கு இந்தப் பதில் தோன்றவே இல்லை. டாக்டர் சொன்னதை மீறிப் போகலாம் என்பது படித்தவளுக்குத் தோன்றாது போலிருக்கிறது.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள துணிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு வண்டியை எடுத்துப் போனான். நான் அடுப்பை அணைத்து, சமையலறையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். பழக்கம்.

அம்மா பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். வைத்த துணியையே வெளியே எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

"பாப்பா, கண்ண இருட்டிக்கிட்டு வருது. ஏதாவது இனிப்பாக் குடேன். ஒரே ஒரு வாய்."

அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அது சரியானதைத்தான் கேட்டது.

"இருநூத்திப் பதினாலுல சர்க்கரை கேக்கறியாம்மா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஆமால்ல" என்றாள். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தாள். கட்டிலில் சாய்ந்துகொண்டாள். அவள் கடைசியாகப் பேசியது அந்த வார்த்தைதான்.

சமையலறைச் சாவி என் கையில் இருந்தது. ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போதும். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அண்ணன் திரும்பி வரும்போது தெளிவாக இருந்திருப்பாள். நடந்து போய் வேனில் ஏறியிருப்பாள். எனக்கு இருந்த சிக்கல் அது ஒன்றுதான்.

அண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். அம்மா ஏதோ முனகினாள்.

"என்ன உளர்றா?"

"தூக்கம். சர்க்கரை ஏறிப் போச்சு, அசதி. இந்த நிலைமையில அத்தனை மணி நேரம் வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போகணுமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா நீ பாத்துக்குவியா?"

அவன் அம்மாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "வேர்க்குது பாரு. ஃபேனையாவது போடக் கூடாதா?" என்று அவனே சுவிட்சைப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் வரேன். அப்பவும் இதே கதை சொன்னீங்கன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஃபேன் போட்டது அன்பில்தான்.

வேன் கிளம்புவதற்கு இருபது நிமிடம் ஆனது. ரேடியோ அக்கா அவனைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் பிரசவத் தேதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கத்தில் நின்று, பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தேன். வேன் திரும்பி மறைந்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன். சர்க்கரையை நன்றாகக் கரைத்தேன். ஸ்பூனால் வாயில் விட்டபோது உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்தது. பல் கிட்டியிருந்தது. உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எட்டு ஐம்பத்திரண்டு. போனில் பதிவாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு டாக்டர் நோட்டையும் பார்த்தார், அளவு மெஷினையும் வாங்கினார். பட்டனை அழுத்தி அழுத்திப் பழைய அளவுகளைப் பார்த்துக்கொண்டே போனார். நோட்டில் இருநூற்றுப் பதினான்கு, மெஷினில் ஐம்பத்தெட்டு. நோட்டில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, மெஷினில் அறுபத்தாறு. மெஷின் எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். அழிக்கவும் தெரியும். அழிக்கவில்லை. மூலப் பதிவை அழிப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

அம்மா கண் திறந்துவிட்டாள் என்று நேற்று நர்ஸ் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்ததில் பேச்சு போய்விட்டது, ஆளும் தெரியாது, இனி திரும்பாது என்கிறார்கள். வாயில் கூழாக ஊட்டினால் விழுங்குகிறாள். மெஷின் சமாச்சாரம் தெரிவதற்கு முன்னால், முதல் நாள் சாயந்திரம், அண்ணன் இங்கே சுவரில் சாய்ந்து அழுதான். "மாசமா இருக்கறவள வச்சுக்கிட்டு இவங்கள நான் எப்படிப் பாப்பேன்? நீயே பாத்துக்க" என்றான். பல வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

பிறகு சொன்னதை மாற்றிக்கொண்டான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபத்தில் இருக்கிறான், ஆறிவிடும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவை அளவு எடுக்க வேண்டும். இதெல்லாம் அவனால் முடியாது. எனக்கு இது ஒரு பாரமே இல்லை. அம்மாவை என்றைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆபீசில் லீவு சொல்ல வேண்டும்.